வரி வசூல்காரர்

ஃப்ளோரிடாவில், தம்பா பக்கம் வளைகுடாவில் தூண்டில் போடப் போயிருந்தோம். தூண்டில் கோல் வளைந்தது. ரெட் ஸ்நாப்பர், அதாவது நம்மூர் சங்கராவுக்குப் பங்காளி. பாதி தூரம் சுற்றியதும் ஒரு வெட்டு, அப்புறம் கனமே இல்லை. மேலே வந்தது தலை மட்டும். செவுளுக்குக் கீழே கத்தி போட்ட மாதிரி அரைவட்டம், வாய் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. படகுக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வரி வசூல்காரர் வந்துட்டார்" என்றார். அங்கே சுறாவுக்கு அதுதான் பட்டப்பெயர்.

முன்பெல்லாம் இப்படி இல்லை, எல்லாம் சுறா பாதுகாப்புச் சட்டத்தால் வந்தது என்று அவருக்குக் கோபம். சட்டம் சும்மா வரவில்லை. எழுபது, எண்பதுகளில் சுறாக்களை அள்ளியதில், சாண்ட்பார் என்ற சுறா வகை அடிமட்டத்துக்குப் போனது. பருவத்துக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும், ஈன்றாலும் கைவிரலில் எண்ணும் குட்டிகள்தான். 1993-இல் கட்டுப்பாடு வந்தும் மெதுவாகத்தான் மீள்கிறது. இவர் பையனாக இருந்தபோது பார்த்தது காலியான கடல். அதையே இயல்பு என்று நினைத்துவிட்டார்.

ஆனால் சுறாவால் மீன் வீணாகிறது என்று அவர் சொல்வது சரி. ஆளுக்கு இரண்டு ஸ்நாப்பர்தான் கொண்டுபோகலாம் என்பது கணக்கு. சுறா பிடுங்கியது அந்தக் கணக்கில் சேராது. இரண்டைக் கொண்டுவர அன்று நான் ஐந்தைக் காவு கொடுத்தேன். சின்னது என்று திருப்பி விட்ட மீனும் கண்ணெதிரே சுறா வாய்க்குப் போனது.

கடைசியில் இடம் மாற்றினோம். பத்து நிமிடத்தில் வரி அங்கேயும் வந்துவிட்டது.