பச்சையும் நீலமும்: கிராமி வரலாற்றைச் சார்ட்டில் வரைந்து பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் இசை விருதான கிராமியின் விழா வரலாற்றை ஆண்டு வாரியாக ஒரே சார்ட்டில் வரையும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய சார்ட் தாள்களை நீளவாக்கில் ஒட்டி, சத்துவாச்சாரி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு கட்டம். டிவியில் காட்டிய விருதுக்குப் பச்சை, டிவிக்கு வராமல் கொடுத்த விருதுக்கு நீலம்.

முதலில் ஆண்டுக் கணக்கு. 1984 பிப்ரவரியில் மைக்கேல் ஜாக்சன் ஒரே இரவில் 8 விருது வாங்கினார். ஆனால் அது அதற்கு முந்தைய இசை ஆண்டுக்கான விருது. அதனால் சில பட்டியல்களில் 1983 என்றே இருக்கும். நான் விழா நடந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அப்படிப் போட்டதும் ஒரு விசித்திரம் தெரிந்தது. 1959-க்கு இரண்டு கட்டம் தேவைப்படுகிறது, 1960 காலியாகவே நிற்கிறது. மே மாதம் முதல் விழா, 28 விருதுகள், டிவி கிடையாது. அதே நவம்பரில் இரண்டாவது விழா, அதை என்பிசி என்ற அமெரிக்க டிவி நிறுவனம் ஒளிபரப்பியது. மூன்றாவது விழா 1961 ஏப்ரலில்தான்.

முதல் நேரடி ஒளிபரப்பு 1971 மார்ச்சில், ஏபிசி என்ற இன்னொரு டிவி நிறுவனத்தில். 1973-ல் விழா நாஷ்வில் நகரத்துக்குப் போனது, ஒளிபரப்பு சிபிஎஸ் கைக்கு வந்தது. அதிலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஒளிபரப்பு சிபிஎஸ்ஸில்தான். 2027 முதல் மறுபடி ஏபிசி.

சரி, இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். நிறம் தீட்ட ஆரம்பித்தபோதுதான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. 1989-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராப் இசைக்கு முதன்முதலாகத் தனி விருது வந்த ஆண்டு அது. ஆனால் அந்த விருதை டிவியில் காட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் போட்டியில் இருந்த ராப் இரட்டையர் டிஜே ஜாஸி ஜெஃப்பும் வில் ஸ்மித்தும் விழாவையே புறக்கணித்தார்கள். விருது அவர்களுக்குத்தான் கிடைத்தது! அந்தக் கட்டத்தில் நீலம் தீட்டும்போது கை கொஞ்சம் நின்றது. ஒரு இசை வகையையே ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு, அதை யாரும் பார்க்காத நேரத்தில் கொடுப்பது என்ன மரியாதை?

அடுத்த ஆண்டு கட்டம் வேறு மாதிரிச் சிக்கல். சிறந்த புதிய கலைஞர் விருது மில்லி வனில்லி என்ற பாப் இரட்டையருக்குப் போனது, நாடே டிவியில் பார்த்தது. ஆல்பத்தில் இருந்த குரல் அவர்களுடையதே இல்லை என்று தெரிந்ததும் அதே நவம்பரில் விருதைத் திரும்பப் பெற்றார்கள். வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பச்சை தீட்டி, மேலே சிவப்புக் கோடு போட்டேன். சார்ட் முழுவதிலும் சிவப்பு அந்த ஓரிடத்தில்தான்.

அப்புறம் நம் ஊர்க்காரர்கள். 1992-ல் உலக இசை ஆல்பம் என்ற பிரிவு புதிதாக வந்தபோது முதல் விருது வாங்கிய 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் விக்கு விநாயக்ராமின் கடம் இருக்கிறது. 2010-ல் ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு விருது. 2024-ல் சக்தி குழுவுக்கு விருது வந்தபோது அதில் கஞ்சிரா வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே 32 வருடம்! 2025-ல் சென்னையில் பிறந்த பாடகி சந்திரிகா டாண்டனுக்கு விருது.

ரஹ்மான், சக்தி, சந்திரிகா என்று தீட்டிக்கொண்டே போனால் எல்லாம் நீலம். டிவி விழா தொடங்குவதற்கு முன்பே, பகலில் நடக்கும் நிகழ்ச்சியில் கொடுத்த விருதுகள் அவை. 2025-ல் மொத்தம் 94 பிரிவுகள் இருந்தன, டிவியில் வந்தது பத்து அளவில்தான். நல்லவேளை, அந்தப் பகல் நிகழ்ச்சியை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். 2024-ல் நம் நேரம் விடிகாலை 2 மணிக்கு உட்கார்ந்து, சக்தி குழுவின் பாடகர் சங்கர் மகாதேவன் மேடையில் பேசியதைப் பார்த்தேன். டிவி விழா தொடங்கியது காலை 6.30-க்கு. அதற்குள் நம்மவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள்.

அக்கா மகன் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, நீலம்தான் நிறைய இருக்கு, அப்போ அதுதானே விழா?" என்று கேட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கிராமி வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேடையில் யார் என்ன உடுத்தினார்கள், யார் பாடினார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேமராவுக்கு முன்னால் நடந்தது அந்த வரலாற்றில் சின்னப் பங்குதான்.

பாக்கி இருப்பது 1963 முதல் 1970 வரை. அந்த ஆண்டுகளில் விழாவை அப்படியே காட்டாமல், வென்றவர்களை வைத்து என்பிசி தனி நிகழ்ச்சி நடத்தியது. 1968-ல் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹினோடு சேர்ந்து சிதார் கலைஞர் ரவிசங்கர் வாங்கிய விருது அந்தக் காலத்தில்தான் வருகிறது. இவற்றைப் பச்சையில் சேர்ப்பதா, நீலத்தில் சேர்ப்பதா என்று யோசித்து, இப்போதைக்குப் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். பாதிப் பச்சை, பாதி நீலம் என்று கட்டத்தைக் குறுக்கே பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்.