ஓடிய நேரமும் தேடிய நேரமும்

ஸ்வீடனில் ஓர் ஓரியண்டீரிங் கழகத்துக்கு நேரப் பதிவுகளை அலசிக் கொடுக்கும் பணியில் சேர்ந்தபோது, ஒரே வீராங்கனை ஒரு வாரம் மூன்றாவதாகவும் மறுவாரம் முப்பதாவதாகவும் வருவதற்கு உடல்தகுதியின் ஏற்ற இறக்கமே காரணம் என்று நம்பியிருந்தேன். வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் கண்ட்ரோல்கள் எனப்படும் குறியிட்ட இடங்களை வரிசையாகத் தேடி ஓடும் இவ்விளையாட்டில், ஒவ்வொன்றையும் அடைந்த நேரம் விரலில் மாட்டிய மின்னணுச் சில்லில் பதிவாகிவிடும். அப்பதிவுகளைப் பிரித்துப் பார்த்ததும் என் நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெரும்பாலான லெக்குகளில், அதாவது ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்ததற்கான ஓட்டங்களில், அவர் வேகம் சீராகவே இருந்தது. ஒன்றிரண்டில்தான் பந்தயம் கைநழுவியிருந்தது.

நடுத்தரத் தூரப் போட்டியில் இது கூர்மையாகத் தெரியும். முதலிடம் பெறுபவர் 30 முதல் 35 நிமிடத்தில் முடித்துவிடுவார். 1:10,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர். அருகருகே ஒன்றுபோலிருக்கும் இரு குன்றுகளில் தவறானதன் மேல் நின்றுகொண்டு, சம உயரக் கோடுகளை அதற்கேற்ப வளைத்துப் படித்தால், ஒரு நிமிடம் கரைவதே தெரியாது. மூச்சிரைக்க மேடேறிய உடனேதான் இப்படித் தடுமாறுவதாக ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். உடலையும் கணிப்பையும் தனித்தனிக் கட்டங்களில் நான் எழுதிவந்தது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

என் பெரிய சறுக்கல் வேறு. ஒரு நெடுந்தூரப் பந்தயத்துக்குப் பின், சதுப்பு நிலத்தைக் கடக்கும் லெக்கில் அந்த வீராங்கனை பிழை செய்ததாக அறிக்கை கொடுத்தேன். வரைபடத்தை விரித்து, தாம் சென்ற வழியை விரலால் காட்டி, வழி தவறவேயில்லை என்றார். அந்த லெக்கின் மிகச் சிறந்த நேரம், மிகவும் பிந்திப் புறப்பட்ட ஒருவருடையது. அதற்குள் பலர் மிதித்துச் சென்ற தடம் சதுப்பில் பாதையாகியிருந்தது. தரவரிசையில் மேலே இருப்பவர்களைக் கடைசியில் அனுப்பும் முறையில், இச்சலுகையும் அவர்களுக்கே போய்ச் சேருகிறது. நான் பிழை என்று எழுதியது வெறும் புறப்பாட்டு வரிசை.

2009இல் ஹங்கேரியில் நடந்த உலகப் போட்டியின் தொடரோட்டத்தில், தொடையில் மரக்குச்சி குத்திய ஸ்வீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனுக்கு உதவ, பிரான்சின் தியெரி கியோர்கியூ உள்ளிட்ட முன்னணி வீரர்கள் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். என் கணக்கு முறை அந்த நிமிடங்களையும் பிழை என்றே காட்டியிருக்கும்.

இப்போது என் அட்டவணையில் புறப்பட்ட நேரத்துக்கு ஒரு பத்தி உண்டு. அதன் பக்கத்தில் உள்ள வெற்றுப் பத்தியை ஓட்டக்காரர் நிரப்பித் தந்த பிறகே மென்பொருளைத் திறக்கிறேன்.