மைனி வெட்டி எறிஞ்ச மூணு பூவு

நேத்து தோவாளைல மைனி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாண ஆர்டராம், திண்ணைல பாய விரிச்சு நாலு பேரு மாலை கட்டிட்டு இருக்காவ. வெள்ளை அரளி, செவ்வரளி, நொச்சி இலை, மறுபடி வெள்ளை, செவப்பு, நொச்சி... சும்மா இருக்க மாட்டாம நானும் ஒரு மொழம் கட்டுனேன். மைனி வாங்கிப் பாத்துட்டு "மக்கா, இந்தப் பக்கம் துருத்திட்டு நிக்கி பாரு, ஒரு செட்டு கூடிப்போச்சு"ன்னாவ. எங்க கூடுச்சுன்னு எனக்கே தெரியல, எல்லாம் ஒண்ணுபோல இருந்தா கணக்கு எங்கயாவது வழுக்கத்தான செய்யும்.

ஹண்டிங்டன் நோய்னு மூளை செல்லுங்க கெட்டுப்போற ஒரு பரம்பரை நோய் இருக்கு, அதுல இதே கததான். 4-வது குரோமோசோம்ல உள்ள ஒரு ஜீன்ல சிஏஜி சிஏஜின்னு டிஎன்ஏவோட மூணெழுத்து திரும்பத் திரும்ப வரிசையா வரும், 40 தடவையோ அதுக்கு மேலயோ போனா நோய் வரும், இது 1993-லயே கண்டுபுடிச்சாச்சு. ஆனா பொறக்கும்போது 42 இருந்தா சாகுற வரைக்கும் 42-தான்னு நெனச்சிட்டு இருந்தேன், அது தப்பு. மூளைல ஸ்ட்ரையேட்டம்ங்கிற எடத்துல உள்ள செல்லுல அது பைய பைய வளந்துட்டே போகுது. 2025-ல வந்த ஒரு ஆய்வுப்படி 150 தாண்டுற வரைக்கும் செல்லு பாட்டுக்கு வேல பாக்குதாம், அதுக்கப்புறம்தான் சடசடன்னு கெடுதாம்.

வளக்குறது யாருன்னு பாத்தா, டிஎன்ஏவ ரிப்பேர் பண்ற கூட்டமேதான்! வேலியே பயிர மேயுதுன்னு சொல்லலாம், ஆனா வேலிக்கு கெட்ட எண்ணம் ஒண்ணும் கெடையாது. டிஎன்ஏவோட ரெண்டு இழை பிரிஞ்சு திரும்ப ஒட்டும்போது வழுக்கி ஒரு எழைல கொஞ்சம் துருத்திட்டு நிக்கும், எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3-ன்னு ரெண்டு ரிப்பேர் புரோட்டீன் ஜோடியா வந்து அதப் புடிக்கும், பொறவு எம்எல்எச்1, எம்எல்எச்3 வந்து வெட்டும், ஆனா வெட்டுறது துருத்தாத எதிர்ப்பக்க எழைய. அந்த எடைவெளிய ரொப்பும்போது துருத்துனதயும் பாத்து காப்பி எடுத்துரும், இப்ப ரெண்டு பக்கமும் நீளம், பாக்க ஒரு கொறையும் தெரியாது. மைனி நான் கூட்டுனத எடுக்காம மத்த பக்கத்துலயும் ஒரு செட்டு சேத்து சமமாக்குனா எப்படி இருக்கும், அப்படி.

1999-லயே எலில எம்எஸ்எச்2-வ எடுத்துப் பாத்துட்டாவ, வளர்ச்சி நின்னுபோச்சு. அப்ப மனுசனுக்கும் எடுத்துரலாமேன்னா முடியாது, அது கெட்டுப்போய் பொறந்தவங்களுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம், குடல் கேன்சர் எளவயசுலயே வர வாய்ப்பு ஜாஸ்தி. அந்த கேன்சர் செல்லுல பாத்தா ரிப்பேர் இல்லாததாலதான் குட்டி குட்டி ரிப்பீட்டெல்லாம் தாறுமாறா ஆகுது, நேர் எதிரு, படிக்கும்போது எனக்கு தல சுத்திருச்சு. அதனாலதான் இப்ப எம்எஸ்எச்2-வ விட்டுட்டு எம்எஸ்எச்3-ய கொறைக்க முடியுமான்னு நெறைய பேரு பாக்காவ.

மைனி எதிர்ப்பக்கம் கையே வைக்கல, கத்தரிய எடுத்து துருத்திட்டு நின்ன மூணையும் நறுக்குனு வெட்டி கூடைல போட்டுட்டு நார இறுக்கிட்டாவ. செல்லுக்குள்ள அந்தக் கத்தரி ஃபேன்1-ங்கிற இன்னொரு ரிப்பேர் புரோட்டீன். அது மொண்ணையா பொறந்தவங்களுக்கு, அதே 42-தான் இருந்தாலும், நோய் முந்தியே வந்துருது.