சர்க்கரை பீட்ரூட்: விதைப்பு நாளை அறுவடையிலிருந்து எண்ணுங்கள்

சர்க்கரை பீட்ரூட் என்றதும் பலர் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது சர்க்கரை எடுப்பதற்காக வளர்க்கப்படும், சமையல் பீட்ரூட்டின் வெண்ணிற உறவு. குளிர்நாடுகளில் இதை வசந்தத்தில் விதைத்து, நிலம் உறையுமுன் தோண்டிவிடுவார்கள். கோடை கடுமையான பகுதிகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து ஏப்ரல் முதல் ஜூலை வரை எடுத்தார்கள். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் அக்டோபர், நவம்பரில் விதைத்து ஜூன், ஜூலையில் எடுக்கிறார்கள்.

எப்போது விதைக்கலாம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கிழங்கு எந்த வாரத்திற்குள் நிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே முதல் கேள்வி என்பது என் கருத்து. அந்த நாளிலிருந்து ஏழு முதல் ஒன்பது மாதங்களைப் பின்னோக்கி எண்ணினால் விதைப்புக் காலம் தானாகவே கிடைத்துவிடும்.

அப்படி எண்ணும்போது இரண்டு முனைகளிலும் வெயில் நெருக்குகிறது. மிக முந்தி விதைத்தால் சுடும் மண்ணில் முளைப்பு குன்றும். மண்ணைப் பிளந்து வந்த இரண்டு சிறிய வித்திலைகளின் கீழே, மெல்லிய தண்டு மண்ணைத் தொடும் இடத்தில், பிற்பகல் வெப்பத்தால் கருகிச் சுருங்கி நாற்று சாய்வதைக் காணலாம். வளர்ந்தபின் உவரைத் தாங்கும் இப்பயிர் முளைக்கும்போது மட்டும் அதைத் தாங்காது. ஆகவே தெளிப்பு நீர்ப் பாசனத்தால் மேல்மண்ணைக் குளிர்வித்து, உப்பையும் கீழே இறக்குவது நல்லது. இலைதின்னும் புழுக்களும் இந்த வெப்பமான வாரங்களில்தான் அதிகம். மாறாக, விதைப்பு பிந்தினால் குளிர் வருமுன் இலைகள் வரிசை இடைவெளியை மூடாது. வசந்தத்தின் நல்ல வெயில் வெறும் மண்ணில் விழுந்து வீணாகும்.

நடுவில் வரும் குளிர்காலத்திற்கும் ஒரு குணம் உண்டு. பீட்ரூட் இயல்பில் இரண்டாண்டுப் பயிர்: முதலில் கிழங்கு, குளிர்காலம் கடந்தபின் பூ. சில வாரக் குளிரைச் சந்தித்து, பகல் நீளத் தொடங்கியதும், குளிர்காலம் முடிந்துவிட்டதென்று எண்ணிப் பூத்தண்டு விடும். அப்படித் தண்டு விட்ட கிழங்கொன்றை நான் குறுக்கே வெட்டியபோது கத்தி சிக்கிக்கொண்டது. உள்ளே முழுக்க மரநார். சர்க்கரையும் அதில் குறைவு. இதனால்தான் இலையுதிர்கால விதைப்புக்கு எளிதில் பூத்தண்டு விடாத வகைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். விலை குறைந்த விதையில் இங்கே சேமிப்பது பயனற்றது.

அறுவடை நேரத்தில்தான் ஆசை கெடுக்கிறது. கோடை தொடங்கியபின்னும் கிழங்கின் எடை கூடிக்கொண்டிருக்கும், ஆகையால் இன்னும் இரண்டு வாரம் பொறுப்போமென்று தோன்றும். ஆனால் இரவும் சூடாக இருக்கும்போது பயிர் தான் சேர்த்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே செலவழிக்கிறது. சர்க்கரை விகிதம் இறங்கும், ஈரமும் வெப்பமும் சேர்ந்த நிலத்தில் வேரழுகலும் பரவும். தழைச்சத்து (நைட்ரஜன்) அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் தீர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயிர் புதுஇலை விட்டுக்கொண்டே இருக்கும்.

தோண்டிய பிறகும் சுவாசம் நிற்பதில்லை. குளிர்நாடுகளில் வாரக்கணக்கில் குவித்து வைப்பார்கள். வெயிலில் அந்தக் குவியலே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். அதனால் ஓரிரு நாட்களுக்குள் சர்க்கரை ஆலை வெட்டி முடிக்கக்கூடிய அளவை மட்டுமே தோண்ட வேண்டும். அதற்கேற்ப விதைப்பையும் வயல் வயலாக, வார இடைவெளியில் பிரித்துக்கொள்ள வேண்டும்.