2,34,000 கிலோமீட்டர் ஓடிய சீடியா, மீட்டர் திருப்பாமல்

சீடியாவை விற்கிறேன். மிட்சுபிஷி லான்சர் சீடியா, 2008 மாடல், ரெண்டு லிட்டர் பெட்ரோல், அஞ்சு கியர் மேனுவல், நான் செகண்ட் ஓனர், ஓடியது 2,34,000 கிலோமீட்டர். இந்தக் கடைசி எண்ணைச் சொன்னதும் போனில் பேசுபவர் குரல் இறங்கிவிடுகிறது. "சரி சார், வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்பார்கள். எந்த வீட்டிலிருந்தும் இதுவரை பதில் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய சண்டை. நான் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்பேன். நாலு கதவு, பின்னால் பெரிய டிக்கி, இது எப்படி ஸ்போர்ட்ஸ் கார் என்று என் மச்சான் இன்னமும் கேட்கிறான். பின்லாந்து ஓட்டுநர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை வரிசையாக நாலு உலக ராலி பட்டம் வாங்கியது லான்சரின் பந்தய வடிவமான எவல்யூஷனில், சுருக்கமாக எவோ. அதற்குப் பிறகு வந்த எவோ 7, 8, 9 எல்லாம் இந்த சீடியாவின் உடற்கூட்டிலிருந்து எழுந்தவை. நம்முடையதில் டர்போ கிடையாது, 115 குதிரைத்திறன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பின்சக்கரத்துக்கு மல்டி லிங்க் சஸ்பென்ஷன், வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும், ஸ்டீயரிங் பேசும். நம் நாட்டு ராலிகளில் எம்.ஆர்.எஃப். அணி ஓட்டிய வண்டியும் இதுதான். எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி, சீடியாவோ திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டது. டயரும் வண்டியும் நம்ம பக்கத்துச் சரக்கு என்று மச்சானிடம் சொன்னால் "அப்ப கத்திவாக்கம் லாரியும் ஸ்போர்ட்ஸ் காரா?" என்கிறான். விடுங்கள்.

இப்போது கிலோமீட்டர். எனக்கு வீடு மாதவரம், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். புழல், செங்குன்றம், காரனோடை தாண்டி தேசிய நெடுஞ்சாலை 16-ல் போய் வந்ததுதான் இந்த ஓட்டத்தில் பெரும்பகுதி. வழியில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு, ஒரு காலத்தில் மெட்ராஸ் கார் பந்தயம் என்றாலே அதுதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு கதை அந்தப் பக்கம் போய்விட்டது. அப்பா பந்தயம் பார்க்கப் போன கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது, அதனால் சோழவரத்தைத் தாண்டும்போது கால் கொஞ்சம் அழுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஓட்டம் வண்டியைக் கெடுக்கிற ஓட்டமில்லை. என்ஜின் சூடேறியபின் ஐந்தாம் கியரில் ஒரே சீராக ஓடும்போது கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேலையே கிடையாது. மாறாக, வண்ணாரப்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு மட்டும் போய்வந்த ஒரு வண்டியை நினைத்துப் பாருங்கள். மீட்டர் அறுபதாயிரம்தான் காட்டும். ஆனால் பாதி நேரம் கண்டெய்னர் லாரி பின்னால் அரை கிளட்சில் நின்றிருக்கும், என்ஜின் ஆயில் சரியாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், உள்ளே படிகிற ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து சகதியாகும். நின்ற நேரத்தையெல்லாம் எந்த மீட்டர் கணக்கு வைக்கிறது? பெரம்பூரில் இந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பாய் சொல்வார், "ஓடுன வண்டிக்கு பயப்படாத தம்பி, நின்ன வண்டிக்கு பயப்படு." நிற்கிற வண்டியில் சீல் காய்ந்து போகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், டேங்கில் துரு பிடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும். எலி இங்கே சின்ன விஷயமில்லை.

ஒரு புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மீட்டரைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது. "இப்டியே வச்சா போவாது சார். மீட்டர ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கு இறக்கிடலாம். பையன் லேப்டாப்ப சொருகுனா பத்து நிமிச வேல." வேண்டாம் என்றேன். "எல்லாரும் பண்றதுதான சார், வாங்கறவனுக்கும் அதான் சந்தோசம்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். உண்மையான எண்ணைச் சொன்னவனிடம் வாங்க மாட்டோம் என்று சந்தை அடம்பிடிப்பதால்தான் பொய் எண்ணுக்கு ஒரு தொழிலே நடக்கிறது. 2008 வண்டி 70,000 ஓடியது என்று சொன்னால் சந்தேகப்படாத மனிதர், 2,34,000 என்று பில்லோடு காட்டினால் சந்தேகப்படுகிறார். என்ன நியாயம் இது?

பில் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. ஆயில் மாற்றியது, கிளட்ச் செட், லோயர் ஆர்ம், புஷ், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரசர், எல்லாவற்றிலும் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் எழுதியிருக்கும். மீட்டரை யாராவது திருப்பியிருந்தால் ஃபைலே காட்டிக்கொடுக்கும். மிட்சுபிஷி இப்போது இந்தியாவில் கார் விற்பதில்லை, திருவள்ளூரிலிருந்து இப்போது வருவது சிட்ரோயன். அதனால் ஸ்பேர் கிடைப்பது ஒரு தனி வித்தை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கொஞ்சம் கிடைக்கும், புதுப்பேட்டையில் தேடினால் கண்ணாடி, கைப்பிடி, லைட் போன்றவை கிடைக்கும், மற்றதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர் தயவுசெய்து ஸ்விஃப்ட் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல வண்டி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டைமிங் பெல்ட்டை எண்பதாயிரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம், அடுத்தது 2,40,000-ல் வருகிறது, அதை வாங்குபவர்தான் செய்ய வேண்டும், டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் அறுந்தால் என்ஜின் செலவு வண்டி விலையைத் தொடும், ஆகவே அதில் சிக்கனம் வேண்டாம். இடது பின்சக்கர வளைவில் துரு எடுத்து டிங்கரிங் பண்ணியிருக்கிறது, கடல் காற்று ஊரில் இது சகஜம், கையால் தட்டினால் உள்ளே பூசிய பட்டியின் சத்தம் தெரியும், நானே காட்டுகிறேன். டிரைவர் சீட் ஓரம் நைந்திருக்கிறது. குடிப்பதிலும் தாராளம், ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது தந்தால் பெரிது. இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், 2008 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை, அதனால் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போட்டுவிட்டேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேட்பீர்கள், வடசென்னை வண்டி என்றால் கேட்கத்தான் வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது ஊரோடு சேர்ந்து நானும் வண்டியை மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்தினேன், தண்ணீர் தொடவில்லை. என் வார்த்தையை நம்ப வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறு பட்டிருந்தால் அங்கே கறை நிற்கும். தரைவிரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட்டுக்கடியில் போல்ட்டுகளையும் பாருங்கள். எந்த வண்டி வாங்கப் போனாலும் இதைச் செய்யுங்கள்.

காகிதம் சுத்தம். பதினைந்து வருடம் 2023-ல் முடிந்து, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன், 2028 வரை கவலையில்லை. பெட்ரோல் வண்டி பதினைந்து வருடத்தோடு சரி என்பது டெல்லி கதை, இங்கே அந்தத் தடை கிடையாது. லோன் முடிந்து ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன், அதாவது கடன் குறிப்பு, நீக்கியாயிற்று. படிவம் 29, 30 கையெழுத்துப் போட்டுப் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த பிறகுதான் சாவி. இதில் மட்டும் நான் கறார், ஏனென்றால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. "கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க அண்ணா, அப்புறமா மாத்திக்கிறேன்" என்று ஒரு தம்பி கேட்டான், நல்ல பையன், ஆனால் அவன் எண்ணூர் ரோட்டில் எங்காவது மோதினால் நோட்டீஸ் என் வீட்டுக்கு வரும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், கிளெய்ம் எடுக்காததற்கான ஐம்பது சதவீதத் தள்ளுபடி மட்டும் என்னோடு வந்துவிடும், அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை.

ரெண்டே கால் லட்சம் கேட்கிறேன். டைமிங் பெல்ட் செலவைக் கழித்துக்கொள்ளலாம், துருவுக்கும் கொஞ்சம் பேசலாம், கிலோமீட்டருக்காக ஒரு ரூபாயும் குறைக்க மாட்டேன். பார்க்க வருகிறவர்கள் காலையில் வாருங்கள், உங்கள் மெக்கானிக்கையும் கூட்டிவாருங்கள். நீங்கள் வருவதற்கு முன் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க மாட்டேன், சூடான என்ஜின் குறையை மறைத்துவிடும். பானெட்டில் கை வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீங்களே சாவியைத் திருப்புங்கள்.