ஏழாவது பெண்ணைத் தேடி

ஜனவரி 16, 2026

பொங்கலுக்கு வந்த தம்பி ஒரு கருவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். டார்ச் லைட் மாதிரிதான் இருக்கிறது. வானத்தை நோக்கி நீட்டினால் நட்சத்திரத்தின் பெயரையும் அதன் புராணக் கதையையும் சொல்லும். அதற்குக் கண்ணெல்லாம் கிடையாது, ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் கையின் சாய்வும் சேர்ந்து போடும் கணக்குதான். முதல் நாளே சொதப்பல். கிழக்கே பளபளத்த வியாழனைக் காட்டினால் வேறெதையோ சொன்னது. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டை விட்டு நாலடி தள்ளி நின்றதும் சரியாகிவிட்டது.

ஜனவரி 17

இன்று அம்மாவும் மாடிக்கு வந்தார். உச்சியில் கார்த்திகை. கிரேக்கக் கதை ஓடியது: ஏழு சகோதரிகள், அவர்களைத் துரத்தும் வேட்டைக்காரன் ஓரியன் (அவன் தோளில் சிவப்பாக இருப்பது நம் திருவாதிரை). ஏழாவது பெண் மெரோப்பி மனிதனைக் கட்டிக்கொண்ட வெட்கத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாளாம், அதனால்தான் ஆறு தெரிகிறதாம்.

“ஏழாவது அருந்ததிடி. ரிஷி பத்தினிங்க ஆறு பேரும் கார்த்திகைப் பெண்ணா முருகனுக்குப் பால் கொடுக்கப் போயிட்டாங்க. இவ மட்டும் வசிஷ்டரை விட்டு நகரல” என்றார் அம்மா.

கருவியை அணைத்துவிட்டேன். இரண்டு ஊரிலும் ஆறுதான் தெரிகிறது, இரண்டு ஊரும் ஏழாவதுக்குக் கதை கட்டியிருக்கிறது!

ஜனவரி 19

அருந்ததியைப் பார்க்க விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தோம். எங்கள் ஆலங்காயத்தில் அந்த நேரத்தில் நல்ல இருட்டு, காவலூர் மலையில் தொலைநோக்கி வைத்தது சும்மாவா? வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் நின்றது. வால் பகுதியில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். கருவியோ அதைக் குதிரை என்றும், ஒட்டியிருக்கும் சின்னதைக் குதிரைக்காரன் என்றும் சொல்லி, தூரம் சுமார் 80 ஒளியாண்டு என்றது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மூக்குத்தி மாதிரி தெரியுது பாரு” என்றார். எனக்குக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 28

சித்தி பெண் கல்யாணம். காலை ஒன்பதரை மணிக்கு ஐயர் “அருந்ததி பாருங்கோ” என்று கையைத் தூக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் பக்தியோடு மண்டபத்து ஃபேனைப் பார்த்தார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து கருவியை எடுத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தேன், பகலென்றால் அதற்கென்ன. வடமேற்கில், தாழ்வாக, நின்றது. அந்தப் பக்கம் பந்தி நடக்கிற கூடம்.

அம்மாவிடம் காட்டினேன். “அப்ப வா, சாப்பிட்டுக்கிட்டே பாக்கலாம்” என்று எழுந்துவிட்டார்.