சுண்ணாம்பு தின்னும் தண்ணீர்

குளோரினும் பிஹெச்சும் (அமில, காரத் தன்மையின் அளவு) பார்க்க நீச்சல் குளம் இருக்கிற வீடுகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கால்சியம் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தின் அளவு, பார்க்கிற கிட் அநேகமாக இருக்காது. குமரி மாவட்டத்தில் குளம் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். குளோரின் குறைந்தால் சில நாளிலேயே பாசி காட்டிக்கொடுத்துவிடும். கால்சியம் குறைந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு டைல்ஸ் இடுக்கில் பூசியது உதிரும், பிளாஸ்டர் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பிள்ளைகளின் கால் உரசிப் புண்ணாகும்.

குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். மலையிலிருந்து வரும் தண்ணீர், சோப்பு நன்றாக நுரைக்கும், குடிக்கவும் ருசி. ஆனால் கால்சியம் போதாத தண்ணீர் தனக்கு வேண்டியதைச் சிமென்ட் சுவரிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். "வெள்ளம் நல்லா தெளிஞ்சுதானே கெடக்கு மக்கா, பின்ன எதுக்கு டெஸ்ட்?" என்று ஒரு வீட்டம்மா கேட்டார். படிக்கட்டு ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

கடற்கரையில் கதை வேறு. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை, குடிநீருக்கு விற்கும் மொத்தக் கடினத்தன்மை கிட்டில் பார்த்துவிட்டு "கால்சியம் தாராளம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணில் மெக்னீசியமும் சேர்ந்தே இருக்கிறது. கடல்நீரின் கடினத்தன்மையில் மெக்னீசியத்தின் பங்கு கால்சியத்தைப் போல ஐந்து மடங்கு. உப்பு ஏறிய கிணறு என்றால் கால்சியத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமே இல்லை. தண்ணீர் வந்து விழும் குழாய்க்குத் தள்ளி, முழங்கை ஆழத்தில் சாம்பிள் எடுங்கள். 25 மில்லி அளந்து முதலில் கிட்டின் முதல் பாட்டிலில் உள்ள பஃபர் விட வேண்டும். அது பிஹெச்சை 12க்கு மேல் ஏற்றி, மெக்னீசியத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிடும். இரண்டாவதான இண்டிகேட்டர் (நிறம் காட்டும் மருந்து) போட்டதும் தண்ணீர் சிவக்கும். பிறகு மூன்றாவது பாட்டிலை நேர்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் சுழற்றிக்கொண்டே விடுங்கள். நடுவில் ஊதா வரும், அங்கே நிறுத்தக் கூடாது. சுத்த நீலம் வரும்வரை எண்ண வேண்டும். 25 மில்லிக்கான சாதாரண கிட்டில் ஒரு சொட்டு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு). 12 சொட்டு என்றால் 120. சிமென்ட் குளத்துக்கு 200 முதல் 400 வரை இருக்கலாம். ஊதாவிலேயே நின்று நீலமே வராவிட்டால் தண்ணீரில் செம்பு இருக்கலாம். பாசிக்கு மயில்துத்தம் (செம்பு உப்பு) போட்ட குளங்களில் இப்படி ஆகும்.

குறைந்தால் கால்சியம் குளோரைடு. 50,000 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற, கடையில் கிடைக்கும் செதில் வகை ஏழரைக் கிலோ பிடிக்கும். வாளியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதில். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், வாளியே கை வைக்க முடியாமல் சுடும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குளம் கலங்கும்.

கூடினால் குறைக்கப் பெரும்பாலும் ஒரே வழிதான்: கொஞ்சம் இறைத்துவிட்டு, கால்சியம் குறைந்த தண்ணீர் விடுவது. பிளீச்சிங் பவுடரே போட்டு வருகிறவர்களுக்குக் கால்சியம் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியானாலும் கால்சியம் குளத்திலேயே தங்கிவிடும். நமக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. குளம் நிரம்பி வழிந்தால் போட்டதெல்லாம் கரைந்து போய்விடும். அதனால் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகும், நடுக்கோடையில் ஒரு தடவையும் கட்டாயம் பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினால், குளத்தில் விடுவதற்கு முன்பே அதிலும் 25 மில்லி எடுத்துப் பாருங்கள்.